மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடுவது ஏன்? களிமண்ணில் மணல் கலந்தால் சரியாகுமா?

கேள்வி இரண்டு வரிதான். பாத்தியில் களிமண், எடுத்துப் பிசைந்தால் விரலில் ஒட்டும் அளவுக்கு ஈரம் இருக்கிறது, இருந்தும் செடி வாடுகிறது. களிமண்தான் தண்ணீரை அதிகம் பிடித்துவைக்கும் என்கிறார்களே, பிறகு வாடுவானேன், மணல் கலந்தால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒன்று. அந்தத் தண்ணீரை மண் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பது மற்றொன்று. விரலுக்குத் தெரிவது முதலாவது மட்டும். வேருக்குக் கணக்கு இரண்டாவதில்தான்.

நல்ல நிலையில் உள்ள மண்ணின் கன அளவில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். தண்ணீரும் காற்றும் அந்த இடத்தைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. துகளின் அளவை வைத்து மண்ணுக்குப் பெயர் வைக்கிறோம்: 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை மணல், 0.05 முதல் 0.002 வரை வண்டல், அதற்கும் கீழே களி. ஆனால் தண்ணீரைப் பிடிப்பது துகளுக்கு நடுவே உள்ள துளை. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு இறுக்கம். கணக்கும் எளிது: 30 ஐத் துளையின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால், தண்ணீர் அதில் எத்தனை மி.மீ. உயரம் தானாக ஏறி நிற்கும் என்று கிடைக்கும். 0.1 மி.மீ. துளையில் 30 செ.மீ., 0.01 மி.மீ. துளையில் 3 மீட்டர். ஏறி நிற்கும் உயரம்தான் அதை வெளியே இழுக்கத் தேவையான விசையின் அளவும். ஏறத்தாழ 0.03 மி.மீ., அதாவது 30 மைக்ரானைவிட அகலமான துளைகளில் உள்ள தண்ணீர் தன் எடையிலேயே ஓரிரு நாளில் கீழே வடிந்துவிடும். 0.2 மைக்ரானைவிடக் குறுகலான துளையில் உள்ளதை எடுக்க வேர் 1500 கிலோபாஸ்கல் விசைக்கு இழுக்க வேண்டும். 150 மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சுவது போன்ற வேலை அது. பெரும்பாலான பயிர்களால் முடியாது. இந்த இரண்டு அளவுக்கும் இடைப்பட்ட துளைகளில் இருப்பதுதான் செடியின் தண்ணீர்.

அந்த முதல் எல்லையை, வடிவது வடிந்து நின்ற நிலையை, வயல் கொள்திறன் என்பார்கள். இரண்டாவது எல்லை நிரந்தர வாடல் நிலை. 10 லிட்டர் வாளி நிறைய மண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணல் என்றால் வடிந்து நின்றபின் அதில் சுமார் 1 லிட்டர் தண்ணீர் இருக்கும், செடி வாடிச் சாயும்போது அரை லிட்டர் மிஞ்சும், ஆகச் செடிக்குக் கிடைத்தது அரை லிட்டர். மணலும் வண்டலும் களியும் கலந்த இருமண் என்றால் 2.8 லிட்டரில் தொடங்கி 1.4 இல் வாடும். வண்டல் மிகுந்த இருமண் 3.1 இல் தொடங்கி 1.1 இல் முடியும், செடிக்கு 2 லிட்டர். கனத்த களிமண்ணோ 4.2 லிட்டர் பிடித்துவைக்கும். ஆனால் 3 லிட்டர் உள்ளே இருக்கும்போதே செடி செத்துவிடும். செடிக்குக் கிடைப்பது 1.2 லிட்டர். இருப்பில் முதலிடம் களிமண்ணுக்கு, கொடுப்பதில் வண்டல் இருமண்ணுக்கு. உங்கள் விரலில் ஒட்டும் ஈரம் அந்த 3 லிட்டருக்குள் அடங்கியதாக இருக்க வாய்ப்பு உண்டு. களிமண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இந்த எண்கள் சராசரிகள். களி என்ற ஒரே பெயருக்குள் பல கனிமங்கள் ஒளிந்திருக்கின்றன. கயோலினைட் வகைக் களியில் ஒரு கிராமின் மேற்பரப்பு 10 முதல் 20 சதுர மீட்டர் வரை இருக்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, நனைந்தால் உப்பும் மான்ட்மோரில்லோனைட்டில் அது 600 முதல் 800 சதுர மீட்டர். தண்ணீர் ஒட்டுவது மேற்பரப்பில் என்பதால், ஒரே சதவீதக் களி உள்ள இரு மண்களும் இருவேறு விதமாக நடந்துகொள்ளும். வயல் கொள்திறன் என்பதும் கோடு கிழித்தாற்போன்ற எல்லை அல்ல. வடிதல் ஒரு நாளில் திடீரென நின்றுவிடுவதில்லை, மெதுவாகிக்கொண்டே போகிறது. ஆய்வகத்தில் அதை மணலுக்கு 10 கிலோபாஸ்கல், மற்ற மண்களுக்கு 33 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வது வசதிக்காக. வாடல் நிலைக்கும் இதே கதைதான். 1912 இல் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இருவர் பல செடிகளை வாடவிட்டுப் பார்த்து, வாடும் நேரத்து ஈரம் செடியைவிட மண்ணைப் பொறுத்தே அதிகம் மாறுகிறது என்று காட்டினார்கள். 1500 என்ற எண் பின்னால் வந்த உடன்பாடு. வறட்சி தாங்கும் சில செடிகள் அதையும் தாண்டி இழுக்கும். ஆனாலும் அவற்றுக்குப் பெரிய லாபம் இல்லை. அந்த இறுக்கத்தில் இழுவிசையை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக வரும் தண்ணீர் சொற்பம்.

இனி உங்கள் பாத்திக்கு வருவோம். ஈரம் தெரியும் மண்ணில் செடி வாடப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணம். ஒன்று மேலே சொன்ன இறுகிய ஈரம். இரண்டு, நேர் எதிரானது: தண்ணீர் மிகுந்து காற்று இல்லாமல் போவது. ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். துளைகள் எல்லாம் தண்ணீரால் அடைபட்டால் வேர் மூச்சுத்திணறுகிறது, மூச்சில்லாத வேர் தண்ணீரைக் கடத்தாது. அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி தலை தொங்கும். அதைப் பார்த்து இன்னும் ஒரு குடம் ஊற்றுவது செடியைக் கொல்லும் நிச்சயமான வழி. மூன்று, உப்பு. உப்பு கூடக் கூட மண்நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் உப்பை மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். அந்த மின்கடத்துதிறன் ஒவ்வொரு டெசிசீமென்ஸ்/மீட்டருக்கும் சுமார் 36 கிலோபாஸ்கல் கூடுதல் இழுவிசையைச் செடிமேல் ஏற்றும். அது 4 என்றால் 144. மண் காய்ந்து தண்ணீர் பாதியானால் உப்பின் செறிவு இரட்டிப்பாகி 290 பக்கம் போகும். மூன்றில் உங்களுடையது எது என்பதைத் தோண்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வரிக் கேள்வியை வைத்து மருந்து சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

தோண்டுவதற்கு முன் நேரத்தைக் கவனியுங்கள். உச்சிவெயிலில் வாடி அந்தி சாய்ந்ததும் நிமிர்ந்தால், இலை செலவழிக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். அது மண்ணில் தண்ணீரே இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் சிக்கல் பெரிது. பிறகு செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள். சாம்பல் அல்லது நீலம் பாய்ந்த திட்டுகள், துருநிறப் புள்ளிகள், அழுகிய முட்டை வாடை இவற்றில் ஏதாவது இருந்தால் காற்றுப் பஞ்சம். வேர் கீழே போய்க்கொண்டிருந்து திடீரெனக் கிடையாகத் திரும்பியிருந்தால் அந்த ஆழத்தில் இறுகிய தட்டு ஒன்று இருக்கிறது. செடி 30 செ.மீ. மண்ணை ஆள்கிறது என்று நீங்கள் நினைத்திருக்க, அது 12 செ.மீ. மண்ணில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். காய்ந்த மேல்மண்ணில் வெள்ளைப் பூப்பு இருந்தால் உப்பைச் சந்தேகிக்கலாம், மின்கடத்துதிறன் சோதனைதான் அதை உறுதிசெய்யும்.

கண்ணால் பார்த்ததை எண்ணாக மாற்ற ஒரு இரும்பு வளையமும் சமையல் தராசும் போதும். 7 செ.மீ. உள்விட்டம், 5 செ.மீ. உயரம் உள்ள, இரு முனையும் திறந்த வளையத்தின் கன அளவு 192 க.செ.மீ. அதன்மேல் பலகை வைத்துத் தட்டி நேராக மண்ணுக்குள் இறக்கி, சுற்றிலும் தோண்டி எடுத்து, இரு முனைகளையும் கத்தியால் வழித்து, உள்ளே இருக்கும் மண்ணை மட்டும் எடை போடுங்கள். 355 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 105 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உலர்த்தியபின் 280 கிராம். போனது 75 கிராம், அதாவது 75 க.செ.மீ. தண்ணீர். பரும அடர்த்தி, அதாவது ஒரு க.செ.மீ. மண்ணின் உலர்ந்த எடை, 280 ஐ 192 ஆல் வகுத்தால் 1.46 கிராம். மண்துகளின் அடர்த்தி பெரும்பாலும் 2.65 என்பதால், வெற்றிடம் 1 கழித்தல் 1.46/2.65, அதாவது 45 சதவீதம். தண்ணீர் 75/192, அதாவது 39 சதவீதம். மிஞ்சிய காற்று 6 சதவீதம். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்களின் வேர் திணறத் தொடங்கும். களிமண்ணின் வாடல் நிலை 30 சதவீதம் என்றால் இங்கே செடிக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, மூச்சுவிட இடம் இல்லை. எடையை மட்டும் வைத்து ஈரம் சொல்பவர் 75/280 என்று 27 சதவீதம் என்பார், அதைக் கன அளவு எண்ணோடு ஒப்பிட்டால் மண் காய்ந்துவிட்டது என்ற தப்பான முடிவு வரும். இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது, எந்தச் சதவீதம் என்று எப்போதும் கேட்டுக்கொள்ளுங்கள். வளையத்தை அடிக்கும்போது மண் அழுந்தினால் அடர்த்தி பொய்யாகக் கூடும். உள்ளே மண்ணின் மட்டம் வெளி மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். குறைந்தது மூன்று இடத்தில் எடுங்கள். அடர்த்தி பற்றி ஒரு வழிகாட்டு எண்: களிமண்ணில் 1.47 ஐத் தாண்டினால் வேர் நுழையத் திணறும், மணலிலோ 1.8 வரை தாங்கும். ஆகவே ஒரே எண்ணை வைத்து எல்லா மண்ணையும் இறுகியது, இளகியது என்று பிரிக்க முடியாது.

மண் உண்மையில் களிமண்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒட்டுகிறது என்பதால் மட்டும் களியாகிவிடாது. கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாபோல் தள்ளுங்கள். 2.5 செ.மீ. எட்டுமுன் அறுந்தால் இருமண் வகை, 2.5 முதல் 5 வரை வந்தால் களி இருமண், 5 செ.மீ. தாண்டியும் தொங்கினால் களி. சலித்த மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு போட்டுத் தண்ணீரும் ஒரு சிட்டிகைச் சோப்புத்தூளும் சேர்த்துக் குலுக்கி வைக்கும் முறையும் உண்டு. முதல் நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் படிவது வண்டல், ஓரிரு நாள் கலங்கலாகவே நிற்பது களி. குப்பியில் களி அடுக்கு உப்பி நிற்பதால் அதன் பங்கு சற்றுக் கூடுதலாகத் தெரியும். வகை தெரிந்துகொள்ளப் போதும், சதவீதத்துக்கு ஆய்வகம்தான்.

இப்போது மணல். நேரடியான பதில்: வேண்டாம். மணல்துகள் கெட்டியான உருண்டை, அதற்குள் துளை கிடையாது. களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால், துளையுள்ள களியின் இடத்தைத் துளையற்ற உருண்டை பிடித்துக்கொள்கிறது. மணல்துகள்களின் நடுவே களி போய் அடைத்துக்கொள்ளும். மொத்த வெற்றிடம் குறைவதோடு சரி. மணல்துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குக் கூடினால்தான் அவற்றுக்கிடையே அகலமான துளைகள் தோன்றும். செங்கல் அறுப்பவர்கள் களியில் மணல் சேர்ப்பதே சுருங்கி வெடிக்காத கெட்டிக் கல் வேண்டும் என்றுதான். 10 சதுர மீட்டர் பாத்தியில் 20 செ.மீ. ஆழ மண் 2 கன மீட்டர், எடை சுமார் 2.6 டன். அதில் ஏற்கெனவே 20 சதவீதம் மணல் இருந்தால், துகள்கள் தொடும் அளவுக்கு, 60 சதவீதத்துக்குக் கொண்டுவர இன்னும் 2.6 டன் மணல் வேண்டும். அது பாத்தியைத் திருத்துவதாகாது, புதிய பாத்தி கட்டுவதாகும்.

தொட்டிக்கு அடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பதும் இதே ரகம். பாத்திரம் தேய்க்கும் நீள்சதுரப் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அசைக்காமல் நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும். பிழியவில்லை, உயரம் மட்டும்தான் கூடியது. அதுவும் நின்றபின் அடிமுனையைத் தொட்டால் சொதசொதவென்று இருக்கும், மேல்முனை அவ்வளவு இராது. தொட்டி மண்ணும் இதே பஞ்சுதான், அதன் அடியில் எப்போதும் ஒரு ஈரப்பட்டை நிற்கும். நுண்துளை மண்ணிலிருந்து தண்ணீர் அகலமான கல் இடுக்குக்குள் இறங்க, எல்லையில் மண் ஏறக்குறைய முழுதாக நிறைந்தாக வேண்டும். அதனால் சரளை போட்டால் அந்த ஈரப்பட்டை கல்லின்மேல் ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். பாத்தியில் களிமண்ணுக்கு அடியில் மணல் அடுக்கு விரிப்பதும் இதையே செய்யும்.

மட்கு உதவும், ஆனால் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல. மட்கு தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைத் தாங்கும் என்பதை வைத்து, ஒரு சதவீதம் கூட்டினால் நிலமே ஏரியாகிவிடும் என்ற கணக்குகள் உலவுகின்றன. 2018 இல் மினாஸ்னி, மெக்பிராட்னி என்ற மண்ணியல் ஆய்வாளர்கள் இருவரும் பழைய தரவுகளைத் திரட்டிப் பார்த்ததில், கரிமக் கார்பன் ஒரு சதவீதம் கூடினால் செடிக்குக் கிடைக்கும் நீர் 100 மி.மீ. மண்ணுக்குச் சராசரியாக 1.16 மி.மீ. மட்டுமே கூடியது. 20 செ.மீ. மண்ணில் அது 2.3 மி.மீ., செடிக்கு அரை நாள் தண்ணீர். அந்த ஒரு சதவீதத்தை ஏற்றவே சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ உலர்ந்த மட்கு தேவை, அதிலும் பெரும்பகுதி சில ஆண்டுகளில் சிதைந்து போய்விடும். இதெல்லாம் சரி, பிறகு ஏன் போட வேண்டும்? களித்துகள்களை ஒட்டிப் பொலபொலவென்ற குருணைகளாக்குவதற்கு. குருணைக்குள் குறுகிய துளை, குருணைகளுக்கு நடுவே அகலத் துளை. முன்னதில் தண்ணீர், பின்னதில் காற்று. களிமண்ணில் குறைவாக இருப்பது பின்னதுதான். இந்த வேலையில் மட்கோடு, உயிருள்ள வேர்களும் மண்புழுவும் மூடாக்கும் சேர்ந்தே பங்கெடுக்கின்றன. மணல்பாங்கான மண்ணில் மட்கின் நீர்ப்பிடிப்புப் பலன் களிமண்ணைவிடக் கூடுதலாகத் தெரியும்.

ஜிப்சம் போடுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து, எல்லாக் களிமண்ணுக்கும் அல்ல. பட்டாணி அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றை, காய்ச்சி வடித்த நீர் அல்லது மழைநீர் உள்ள கிண்ணத்தில் மெதுவாக விடுங்கள், கலக்கக் கூடாது. கட்டி உதிர்ந்து சிறு துண்டுகளாகக் குவிந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் குருணைகளுக்குப் பிணைப்பு போதவில்லை, மட்கு வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் மேகம் பரவினால் களி தனித்தனியாகக் கரைந்து பிரிகிறது, சோடியமே முதல் சந்தேகம், ஜிப்சம் பலன் தரக்கூடும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். குழாய்நீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்பே மேகத்தை மறைத்துவிடும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது? வேர் ஆழம் 300 மி.மீ., களிமண்ணில் செடிக்குக் கிடைப்பது 12 சதவீதம், ஆக 36 மி.மீ. முழுதும் தீரும்வரை காத்திருந்தால் விளைச்சல் அடிபடும் என்பதால் பாதியில், 18 மி.மீ. தீர்ந்ததும் விடுவது வழக்கம். செடியும் மண்ணும் நாளுக்கு 5 மி.மீ. செலவழித்தால் மூன்றரை நாள். மணலில் அதே வேர் ஆழத்துக்குக் கிடைப்பது 15, பாதி 7.5, ஆகவே ஒன்றரை நாள். ஒரு மி.மீ. என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆனால் களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் உறிஞ்சும். 18 லிட்டரை ஒரே மூச்சில் கொட்டினால் மேலே குளமாகும், அல்லது வெடிப்பு வழியே வேருக்குக் கீழே போய்விடும். குறைந்தது நாலைந்து மணி நேரத்துக்குப் பரப்பிச் சொட்டவிடுங்கள். மண்ணில் சரளைக்கல் 30 சதவீதம் இருந்தால் இந்த இருப்பிலும் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கருவி வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இரண்டு கம்பியைக் குத்திப் பார்க்கும் மலிவான ஈரமானிகள் அளப்பது மின்கடத்தலை. உரமோ உப்போ மிகுந்த மண்ணில் காய்ந்ததையும் ஈரம் என்று காட்டும். பீங்கான் முனை உள்ள டென்சியோமீட்டர் இழுவிசையையே நேராகக் காட்டும், ஆனால் 80 கிலோபாஸ்கல் பக்கம் வந்ததும் உள்ளே காற்று புகுந்து கைவிட்டுவிடும். மணலில் செடிக்கு உரிய தண்ணீரில் பெரும்பகுதி அதற்குள்ளேயே தீர்ந்துவிடுவதால் அங்கே அது அருமையான கருவி. களிமண்ணில் பாதிக் கதையைத்தான் சொல்லும், என்றாலும் எப்போது விடக் கூடாது என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். முள் 10 க்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் அங்கே காற்றுக்கு இடமில்லை.

மட்கைக் கலப்பதற்கும் அடியில் உள்ள இறுகிய தட்டை உடைப்பதற்கும் பதம் பார்த்து இறங்குங்கள். 15 செ.மீ. ஆழத்திலிருந்து கொஞ்சம் மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். 3 மி.மீ. தடிப்புள்ள திரியாக உடையாமல் நீண்டால், அன்று மண்வெட்டி பட்ட இடமெல்லாம் அகலத் துளைகள் நசுங்கி வழவழவென்று அடைபடும், மேலே நடந்தாலும் அதே கதி. திரி நீளும்போதே உதிர்ந்து உடைந்தால் தொடங்கலாம்.